எழுத்தும் கோடும் சோறு போடும்!

கிராபிக் டிசைன் தொழிலில் முன்னேறுவது எப்படி?

காலையில் எழுந்ததும் பற்பசையை எடுக்கிறோம். அதன் மேல் ஒரு பெயர் இருக்கிறது. ஒரு படம் இருக்கிறது. சிவப்போ பச்சையோ, ஒரு நிறம் இருக்கிறது.

அடுத்து தேயிலைப் பொட்டலம். அதிலும் பெயர், படம், நிறம்.

வேலைக்குப் புறப்படுகிறோம். பஸ்சின் நெற்றியில் ஊர்ப் பெயர். கடைகளின் மேல் பலகைகள். சுவரில் சினிமா போஸ்டர். கையில் இருக்கும் செல்போனில் சின்னச் சின்னப் படங்கள்.

இவை தாமாக வந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து அமைத்திருக்கிறார். "இந்த எழுத்து பெரிதாக இருக்கட்டும். இந்தப் படம் இங்கே வரட்டும். இந்த நிறம் வேண்டாம்" என்று முடிவு செய்திருக்கிறார். அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்.

அவர்தான் கிராபிக் டிசைனர். முன்பு இவரை "கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்" என்று அழைத்தார்கள்.

"படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று பல வீடுகளில் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளை நோட்டுப் புத்தகம் முழுவதும் படம் வரைகிறான். பெண் செல்போனிலேயே வாழ்த்து அட்டை செய்கிறாள். இதை நம்பிப் படிக்க வைக்கலாமா? பணம் கட்டலாமா?

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் சோறு கிடைக்கும். பெயரும் கிடைக்கும். ஆனால் படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. வேறு என்ன வேண்டும்? இதில் முன்னேறிய சிலரின் கதையைப் பார்த்தால் விளங்கும்.

ஓவியர் வேறு, இவர் வேறு

ஓவியர் தம் மனதில் தோன்றியதை வரைகிறார். பிடித்தவர்கள் வாங்குகிறார்கள்.

கிராபிக் டிசைனர் அப்படி அல்ல. அவர் இன்னொருவருடைய தேவைக்காக வேலை செய்கிறார். அந்த வேலையைப் பார்க்கப் போகிறவர் மூன்றாவது ஆள்.

ஒரு மருந்து அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கம்பெனி பணம் கொடுக்கிறது. டிசைனர் அட்டையை அமைக்கிறார். அதைப் படிக்கப் போகிறவர் யார்? கண் மங்கிய ஒரு பாட்டி!

மருந்தின் பெயர் அவருக்குத் தெரிய வேண்டும். எந்த மாதம் வரை சாப்பிடலாம் என்பது தெரிய வேண்டும். அது எறும்பு அளவு எழுத்தில், வெள்ளி நிறத் தாளின் மேல், மங்கிய மையில் இருந்தால் என்ன ஆகும்? பாட்டி காலை மாத்திரையை இரவில் சாப்பிடுவார். நாள் கடந்த மருந்தையும் சாப்பிடுவார்.

அட்டை அழகாக இருக்கலாம். ஆனால் பாட்டிக்குப் புரிந்ததா? இந்தக் கேள்விதான் இந்தத் தொழிலுக்கு உயிர். எந்த வேலையை எடுத்தாலும், "இதைப் பார்க்கப் போகிறவர் யார்? அவருக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

80 ரூபாய்ச் சம்பளம்

1943-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். கல்கத்தாவில் டி.ஜே.கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனி இருந்தது. அதில் ஒரு வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். வயது 21. விளம்பரங்களுக்குப் படம் அமைத்துக் கொடுக்கும் வேலை. மாதச் சம்பளம் ரூ.80.

அந்த வாலிபரின் பெயர் சத்யஜித் ரே.

"அவர் சினிமா டைரக்டர் அல்லவா?" என்று கேட்பீர்கள். ஆமாம். அவரேதான். உலகப் புகழ் பெற்ற அந்த டைரக்டர், அதற்கு முன்பு 10 ஆண்டுகளுக்கு மேல் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர்!

அவருடைய தாத்தா உபேந்திர கிஷோர், சொந்தமாக அச்சகம் நடத்தியவர். படங்களை அச்சிடும் முறைகளை ஆராய்ந்தவர். தந்தை சுகுமார் ராய், இங்கிலாந்து சென்று அச்சுத் தொழில் படித்தவர். குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதிப் புகழ் பெற்றவர்.

ஆனால் சத்யஜித்துக்கு 2 வயது இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். பிறகு அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாய் மகனை அழைத்துக்கொண்டு சகோதரர் வீட்டுக்குச் சென்றார். ஆசிரியை வேலை பார்த்து மகனை வளர்த்தார்.

மகன் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் மனமெல்லாம் படத்தில்தான். பிறகு சாந்தி நிகேதனில் ஓவியம் படித்தார். நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி போன்ற பெரிய ஓவியர்கள் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். அந்தப் படிப்பை அவர் முடிக்கவில்லை. நடுவிலேயே ஊர் திரும்பி, வேலைக்குச் சேர்ந்தார்.

80 ரூபாய் பெரிய சம்பளம் அல்ல. அதை அவர் சிறியதாக நினைக்கவில்லை. தொழிலைக் கற்றார். எழுத்துக்களைக் கையால் விதவிதமாக எழுதிப் பழகினார். ஆங்கில விளம்பரங்களைப் பார்த்துக் காப்பி அடிக்காமல், நம் நாட்டுக் கோலங்களையும் கோடுகளையும் விளம்பரத்தில் கொண்டு வந்தார்.

புலித் தோலில் ஓட்டை!

அந்தச் சமயம் "சிக்னெட் பிரஸ்" என்ற புத்தகக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் புத்தகங்களுக்கு அட்டை அமைக்கும் வேலை ரேயிடம் வந்தது.

நேருஜி எழுதிய "டிஸ்கவரி ஆப் இந்தியா" புத்தகத்தை 1946-ல் வெளியிட்டது இந்தக் கம்பெனிதான். அதற்கு அட்டை அமைத்தவர் ரே.

இன்னொரு புத்தகம், ஜிம் கார்பெட் எழுதிய புலி வேட்டைக் கதை. அதன் வங்காள மொழிபெயர்ப்புக்கு அட்டை வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் என்ன வரைந்திருப்பார்கள்? வாயைப் பிளந்து பாயும் புலி. எதிரே துப்பாக்கியுடன் வேட்டைக்காரர்.

ரே அப்படி வரையவில்லை. அட்டையின் இரண்டு பக்கத்தையும் புலித் தோல் ஆக்கிவிட்டார். மஞ்சள் நிறம், கறுப்புப் பட்டைகள். அவ்வளவுதான். பிறகு அதில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஓட்டையை வரைந்தார். ஒரு பக்கம் சிறிய ஓட்டை. மறு பக்கம் பெரிய ஓட்டை!

ஏன் தெரியுமா? குண்டு நுழைகிற இடத்தில் ஓட்டை சிறியதாக இருக்கும். வெளியே வருகிற இடத்தில் பெரியதாக இருக்கும். புத்தகத்தைக் கையில் எடுப்பவர் புலியையே கையில் பிடிக்கிறார். குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. கதை முழுவதும் அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தூரிகையும் மையும் போதும். வேண்டியது யோசனை.

"பதேர் பாஞ்சாலி" நாவலின் குழந்தைகள் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான், அதைச் சினிமாவாக எடுக்கலாம் என்ற எண்ணம் ரேக்கு வந்தது. 1952-ல் படப்பிடிப்பைத் தொடங்கினார். அப்போதும் விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிடவில்லை. விடுமுறை நாட்களில் படம் எடுத்தார். 1955-ல் படம் வெளிவந்து, அவருடைய பெயர் உலகம் முழுவதும் பரவியது.

பிறகும் அவர் பழைய தொழிலை மறக்கவில்லை. தம்முடைய சினிமாக்களுக்குப் போஸ்டரும் எழுத்தும் தாமே அமைத்தார். அவர் உருவாக்கிய "ரே ரோமன்" என்ற ஆங்கில எழுத்து, 1971-ல் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றது.

ரே கதையில் வாலிபர்கள் கவனிக்க வேண்டியது இது: சிறிய சம்பளத்தில் சேர்ந்தாலும் தொழில் கற்கும் இடத்தில் சேர்ந்தார். புதிய ஆசை வந்தபோது, கையில் இருந்த வேலையை அவசரப்பட்டு உதறவில்லை.

கம்ப்யூட்டர் தெரியாத பெண்

ரே தூரிகையால் வேலை செய்தார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் இந்தத் தொழிலில் நுழையவே முடியாதா?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

சூசன் கேர் என்ற பெண்மணி, கலை படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். சிலை செய்பவர். ஒரு அருங்காட்சியகத்துக்காகக் காட்டுப்பன்றிச் சிலை செய்து கொண்டிருந்தார். அப்போது பள்ளி நண்பர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. அவர் ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். "எங்கள் புதிய கம்ப்யூட்டருக்குச் சின்னப் படங்கள் வேண்டும். செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

சூசன் கேருக்கு அந்த வேலையில் பழக்கம் இல்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். நீளம் 32 கட்டம், அகலம் 32 கட்டம். மொத்தம் 1,024 கட்டங்கள். எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது? இதுதான் வேலை. நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவது போல!

அந்த நோட்டைக் காட்டினார். 1983-ல் வேலை கிடைத்தது. 1984-ல் "மேக்கின்டாஷ்" கம்ப்யூட்டர் வெளிவந்தது. திறந்தவுடன் திரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சிரித்தது. வேண்டாத தாளைப் போடக் குப்பைத் தொட்டி இருந்தது.

அதுவரை கம்ப்யூட்டர் என்றால் படித்தவர்களே பயந்தார்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. சிரிக்கும் முகத்தையும் குப்பைத் தொட்டியையும் பார்த்ததும் பயம் போயிற்று. இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட செல்போனில் படத்தைத் தொட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பாதை போட்டவர்களில் சூசன் கேர் ஒருவர்.

சாப்ட்வேரைச் சில மாதங்களில் கற்கலாம். எதை வைப்பது, எதை விடுவது என்று அறியும் கண்ணைப் பழக்குவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும்.

ரூபாய்க்கு அடையாளம் தந்தவர்

நம் பக்கத்து ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

டாலருக்கு ஒரு குறி உண்டு. பவுனுக்கு ஒரு குறி உண்டு. இந்திய ரூபாய்க்கு மட்டும் தனிக் குறி இல்லாமல் இருந்தது. 2009-ல் மத்திய அரசு ஒரு போட்டி அறிவித்தது. 3,000-க்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்து குவிந்தன. அவற்றில் 5 தேர்ந்தெடுக்கப்பட்டன. கடைசியில் வென்றது ஒன்று. 2010-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி மத்திய மந்திரிசபை அதை ஏற்றது. பரிசு ரூ.2½ லட்சம்.

வென்றவர் தமிழர். பெயர் உதயகுமார். சென்னையில் கட்டிடக் கலை படித்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறையில் ஆராய்ச்சி செய்தவர். எதைப் பற்றி ஆராய்ச்சி? தமிழ் எழுத்துக்களின் வடிவத்தைப் பற்றி!

அவர் அமைத்த குறியை இன்று குழந்தைகளும் எழுதுகிறார்கள். இந்தி "ர" எழுத்தும், ஆங்கில "ஆர்" எழுத்தும் அதில் கலந்திருக்கின்றன. மேலே இரண்டு கோடுகள். பேனாவை வைத்தால் ஒரு நொடியில் எழுதிவிடலாம். கடைக்காரர் சாக்குக் கட்டியால் பலகையில் எழுதினாலும் அடையாளம் தெரியும்.

எளிமையாக இருப்பதால் எளிதாக வந்தது என்று நினைக்கக் கூடாது. பல ஆண்டுகள் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் அது.

ஒரு புள்ளி போனால்...

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது தமிழ் எழுத்து.

கல்யாணப் பத்திரிகை ஒன்றில் "அம்மன் துணை" என்று அச்சிட வேண்டும். புள்ளிகள் விழுந்துவிட்டால் "அமமன துணை" ஆகிவிடும்! கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கும் பலகைகளை நாமே பார்க்கிறோம். காரணம் என்ன? ஆங்கிலத்துக்கு ஏற்ற சாப்ட்வேரில் தமிழைப் போட்டுவிட்டு, அமைத்தவர் படித்துப் பார்க்கவில்லை. அல்லது அவருக்குத் தமிழ் தெரியாது.

தமிழில் எழுத்துக்கள் 247. ஆங்கில எழுத்தைவிட அகலம் அதிகம். சொற்களும் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரி ஆகும். ஆகவே ஆங்கில விளம்பரத்தை அப்படியே தமிழாக்கி அதே இடத்தில் திணித்தால் எழுத்து நசுங்கும். தமிழுக்கென்று தனியாக இடம் ஒதுக்கத் தெரிந்தவரைக் கம்பெனிகள் தேடுகின்றன.

இதைக் கற்க ஒரு வழி சொல்கிறோம். ஒரு பெரிய தாளில் "ழ" எழுதுங்கள். தடித்த பேனாவால் எழுதுங்கள். மெல்லிய பேனாவால் எழுதுங்கள். அதைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் கோடுகள் ஒட்டிக்கொள்கின்றன? எந்த இடத்தில் வெள்ளை வேண்டும்? தினம் ஒரு எழுத்து என்று எழுதினால், ஓர் ஆண்டுக்குள் 247-ம் முடிந்துவிடும்.

எங்கே படிப்பது?

பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பல வழிகள் உண்டு.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது. அங்கே சேர நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.ஐ.டி.க்கள் சிலவற்றில் டிசைன் பட்டப் படிப்பு இருக்கிறது. அதற்கு "யூசீட்" என்ற தேர்வு எழுத வேண்டும். கலைக் கல்லூரிகள் பலவற்றில் "விஸ்காம்" என்ற படிப்பும் உண்டு.

கல்லூரிக்குப் போக வசதி இல்லையா? டி.டி.பி. சென்டரில் சேருங்கள். அச்சகத்தில் சேருங்கள். நல்ல முதலாளியிடம் ஓராண்டு வேலை பார்ப்பதும் ஒரு படிப்புதான்.

விளம்பரத்தைப் பார்த்துத் தனியார் பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டும் முன் ஜாக்கிரதை. "வேலை நிச்சயம்" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள். அங்கே படித்த மாணவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். படித்து முடித்த இரண்டு பேரிடம் நேரில் பேசுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.

"ஜிம்ப்", "இங்க்ஸ்கேப்" போன்ற சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்குவதற்கு அவை போதும்.

அச்சகம் கற்றுத் தருவது

திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை, அச்சில் மங்கலாக வரும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் திகைத்துப் போவார்கள்.

காரணம் சுலபம். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம். அச்சகம் மையால் நிறம் காட்டுகிறது. வெளிர் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. வெளிச்சம் தரும் எல்லா நிறத்தையும் மை தராது.

இன்னொன்று. தாளை அச்சிட்ட பிறகுதான் ஓரத்தை வெட்டுவார்கள். கத்தி மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். ஆகவே ஓரம் வரை வண்ணம் வரும் படமாக இருந்தால், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வைக்க வேண்டும்.

கடைசியாக, புரூப். அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெயர், தேதி, போன் நம்பர் இந்த மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்ல வேண்டும். முகூர்த்த நாள் தவறாக அச்சான 1,000 பத்திரிகைகளை யார் வாங்குவார்கள்? அந்த நஷ்டம் யார் தலையில் விழும்?

வேலை வாங்கித் தரும் பை

இந்தத் தொழிலில் முதலாளிகள் சர்டிபிகேட்டுக்கு முன்பு வேறு ஒன்றைக் கேட்பார்கள். "செய்த வேலையைக் காட்டு" என்பார்கள். செய்த வேலைகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு "போர்ட்போலியோ" என்று பெயர். முன்பு அது ஒரு பெரிய பை. இப்போது செல்போனிலும் காட்டலாம்.

"இன்னும் வேலையே கிடைக்கவில்லையே, எதைக் காட்டுவது?" என்று கேட்பீர்கள். வேலை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஊரில் உள்ள பஸ் நேர அட்டவணையைப் பாருங்கள். புரியும்படி திருத்தி அமையுங்கள். பக்கத்து மிட்டாய்க் கடைக்கு ஒரு பெட்டி அமையுங்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைப்பு அமையுங்கள்.

50 வேலைகளைக் காட்ட வேண்டாம். நல்லதாக 10 போதும். ஒவ்வொன்றிலும் முன்பு எப்படி இருந்தது, ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியில்தான் உங்கள் மூளை தெரியும்.

பிறர் செய்ததை எடுத்து உங்கள் பெயர் போடாதீர்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் படமெல்லாம் பொதுச் சொத்து அல்ல. நம் நாட்டில் காப்புரிமைச் சட்டம் 1957-லேயே வந்துவிட்டது.

35 டாலர்!

இனி கூலி.

1971. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரம். கரோலின் டேவிட்சன் என்ற பெண், கல்லூரியில் டிசைன் படித்துக் கொண்டிருந்தார். அங்கே கணக்கு ஆசிரியராக இருந்த பில் நைட், சிறிய செருப்புக் கம்பெனி ஒன்றையும் நடத்தி வந்தார். அதற்கு ஒரு சின்னம் கேட்டார்.

மணிக்கு 2 டாலர் கூலி. கரோலின் 17½ மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் கொடுத்தார். மொத்தம் 35 டாலர். ஒரு வளைந்த கோடு. அவ்வளவுதான்.

அதுதான் "நைக்கி" சின்னம்! உலகத்தில் அதைத் தெரியாதவர்கள் குறைவு.

12 ஆண்டுகள் கழித்து, 1983-ல், கம்பெனி அவரை அழைத்துப் பாராட்டியது. வைரம் பதித்த மோதிரம் கொடுத்தது. கம்பெனிப் பங்குகளும் கொடுத்தது.

கதை நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் மோதிரம் வராது. கூலியை முதலிலேயே ஒழுங்காகப் பேசிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எப்படிக் கணக்கிடுவது? ஒரு உதாரணம்:

வீட்டுச் செலவு மாதம் ரூ.18,000. கம்ப்யூட்டர் தவணை, மின்சாரம், இன்டர்நெட் ரூ.4,000. சேமிப்பு ரூ.3,000. மொத்தம் ரூ.25,000.

மாதத்தில் கூலி கிடைக்கும் நேரம் எவ்வளவு? 200 மணி நேரம் உழைத்தாலும், பாதி நேரம் வாடிக்கையாளரைத் தேடவும், பேசவும், பணம் வசூலிக்கவும் போய்விடும். மிச்சம் 100 மணி. 25,000-ஐ 100-ஆல் வகுத்தால் 250. ஆக, மணிக்கு ரூ.250-க்குக் குறைந்தால் நஷ்டம். 4 மணி நேர வேலைக்கு ரூ.1,000 கேட்க வேண்டும். "வெறும் விசிட்டிங் கார்டுதானே" என்று 200 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால், குடும்பம் பட்டினி கிடக்கும்.

பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள். செல்போனில் செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். சொந்தக்காரர் ஆனாலும் இதில் வெட்கம் வேண்டாம்.

இயந்திரம் வேலையைப் பறிக்குமா?

இன்று பெற்றோரின் பெரிய பயம் இதுதான். ஒரு வரி சொன்னால் கம்ப்யூட்டரே படம் வரைகிறது. 2022 முதல் இத்தகைய செயற்கை நுண்ணறிவுச் சாப்ட்வேர்கள் பரவிவிட்டன. இனி டிசைனர் எதற்கு?

பயத்தில் நியாயம் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. பிறர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்து கொடுத்தவர்களுக்கு வேலை குறையும்.

இந்தத் தொழில் இப்படிப்பட்ட அடிகளை முன்பும் வாங்கியிருக்கிறது. ஈய எழுத்துக்களைக் கையால் கோர்த்தவர்கள் இருந்தார்கள். 1985-ல் "பேஜ்மேக்கர்" சாப்ட்வேர் வந்தது. அதன் பின் அந்த வேலை மெல்ல மறைந்தது. பெரிய பெரிய பேனர்களைக் கையால் வரைந்த ஓவியர்கள் இருந்தார்கள். பிளக்ஸ் வந்தது. அவர்கள் தூரிகையைக் கீழே வைக்க நேர்ந்தது. பல குடும்பங்கள் கண்ணீர் விட்டன. இதெல்லாம் உண்மை.

தப்பித்தவர்கள் யார்? புதிய கருவியைக் கற்றுக்கொண்டு, பழைய கண்ணையும் கைவிடாதவர்கள்.

இயந்திரத்திடம் கேட்டால் 20 படம் தரும். அந்த 20-ல் நம் தெரு மளிகைக் கடைக்கு எது பொருந்தும்? அந்தக் கடைக்கு வருகிறவர்கள் யார்? அவர்களில் பாதிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்களா? அங்கே ராத்திரியில் விளக்கு உண்டா? இதை நேரில் போய்ப் பார்த்து, கடைக்காரரிடம் பேசி, முடிவு சொல்ல ஆள் வேண்டும். தவறு வந்தால் பொறுப்பு ஏற்கவும் ஆள் வேண்டும்.

ஆகவே பிள்ளைகள் புதிய கருவியையும் கற்க வேண்டும். அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

பெற்றோர்களே!

உங்கள் பிள்ளைக்கு இந்தத் தொழில் பொருந்துமா என்று அறிய, பெரிய சோதனை எதுவும் வேண்டாம்.  ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்.

தெருமுனையில் உள்ள ஒரு கடைப் பலகையைப் பார்த்து வரச் சொல்லுங்கள். 30 அடி தூரத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்து தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து, அதே பலகையை ஒரு தாளில் திருத்தி எழுதட்டும். பென்சில் போதும்.

பிறகு அந்தத் தாளை, இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரிடம் காட்டுங்கள். அவர் தடுமாறாமல் படிக்கிறாரா?

தடுமாறினால், பிள்ளை முகம் சுளிக்கிறானா? அல்லது, "எந்த இடம் புரியவில்லை?" என்று கேட்டுவிட்டு மறுபடி பென்சிலை எடுக்கிறானா?

மறுபடி பென்சிலை எடுக்கும் பிள்ளையை, தைரியமாகப் படிக்க வையுங்கள்.